ஆயிரத்து நாற்பத்திரண்டு

கிளினிக் கொப்பியில் இடப்பக்கம் என் இரத்தம்,
வலப்பக்கம் வாளி.
இரண்டுக்கும் ஒரே நீலப் பேனை.

வெறுவயிற்றில் நூற்றெழுபத்தெட்டு என்று எழுதிவிட்டு
குத்திய விரலைச் சூப்பியபடி குசினிக்குப் போய்
வாளி மூடியைக் கிளப்பிக்
கண்ணாடி மிதவையை இறக்கினேன்.
ஆயிரத்து நாற்பத்திரண்டு.
அவ்வளவு இனிப்பு.
அகப்பையை நக்கவும் எனக்கு உரிமையில்லை.

பிட்டவிக்கச் சொல்லி டொக்டர் எழுதிய குரக்கன்தான்.
ஈரச் சாக்கில் பரப்பி, மூன்றாம் நாள்
முளை வெள்ளை நூலாய் எட்டிப் பார்க்கக்
காயவைத்துத் திரித்துக் கரைத்து
அறுபத்துமூன்று பாகையில் ஒன்றரை மணித்தியாலம்.
கன்னியாவின் ஏழு கிணறும் கூடிவந்தாலும்
அந்தச் சூடு வராது. கைவிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
ஹொப்ஸுக்கு எங்கே போவது?
வேலியில் பாவல் கிடக்கிறது.
சீனிக்கு நல்லதென்று ஊரே எனக்கு நீட்டிய கசப்பை
முதன்முதலாய் ஆசையோடு பிடுங்கினேன்.

ஈஸ்ட், றிஸ்மியின் பாண் போறணையில் வாங்கியது.
நொதிப் பொடி ஒஸ்லோவிலிருந்து
மைத்துனனின் காலுறைக்குள் சுருண்டு வந்தது.
ஈஸ்டின் வாய்க்குள் போகாத மாவையெல்லாம் அது
பிள்ளைக்குப் பிசைந்து கொடுப்பதுபோல் சின்னதாக்கிக் கொடுக்கும்.
ஐஸ் ஆலையில் வேலை எனக்கு.
உடைசல் கட்டிகளை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.
சித்திரை வெயிலில் என்னைவிடக் குளிர்ச்சியாய்
வாளி இருந்தது தொட்டித் தண்ணீரில்.

சக்கையை மதிலடியில் கொட்டினேன்.
கோட்டைப் பக்கத்து மான்கள் ஐந்து
வீதியைக் கடந்து வந்து தின்றன.
அவற்றுக்குக் கிளினிக் இல்லை.

பத்து இரவு முணுமுணுத்தது வாளி.
என் கணையம் கைவிட்ட வேலையைக்
கண்ணுக்குத் தெரியாத கூலிகள் செய்துகொண்டிருந்தார்கள்.
திருக்கடலூர்க்காரருக்கு மிதவை தாழ்ந்தால் மீன்.
எனக்கு மிதவை தாழ்ந்தால் சீனி செத்தது.
ஆயிரத்துப் பதினொன்று. ஆயிரத்து மூன்று.
பிறகு, தண்ணீரையும் விட மெலிந்து,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

இதற்கிடையில் புதன்கிழமை.
மிஸ் கொப்பியைப் பிரித்தா, கதிரையை விட்டு எழும்பினா.
"அருமைத்துரை ஐயா, ஆயிரத்து நாற்பத்திரண்டோ?
இந்தச் சீனியோடயா பஸ்ஸில வந்தனீங்கள்?"
வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது,
செத்தவன் எழும்பி வந்ததுபோல.
அது என்ர இல்லை மிஸ், வாளியின்ர, என்றேன்.
சின்ன டொக்டர் சிரிக்கவில்லை.
பக்கத்தின் நடுவே ஒரு கோடு இழுத்து
அடியில் எழுதினா:
குடித்தால் சாப்பிடாமல் படுக்கக்கூடாது.

எழுதத்தான் செய்தா.
முதல் போத்தல் திறந்த இரவு
சுட்ட பாரைத் துண்டொன்று, மாலைக் குளிசை, இரண்டு கிளாஸ்.
மாச்சத்து இல்லாத பெருமையில்
பிட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டே முக்காலுக்குப் பாய் நனைந்திருந்தது.
கை என் கையில்லை.
மங்களேஸ்வரியின் பெயர் நாக்குவரை வந்து
முதல் எழுத்தோடு நின்றது.
அவள் விரலைக் குத்தினாள்: ஐம்பத்தொன்று.
சீனி, என்றேன், அல்லது நினைத்தேன்.
இந்த வீட்டில் ஏது சீனி?
நாலு வருசத்துக்கு முன் நானே
கடைசிப் பையை உள்துறைமுகத்தில் கொட்டியவன்.

குசினியில் உழுத்தம்மா டின் திறக்கும் சத்தம்.
மாவுக்குள் ஒரு சின்னப் போத்தல்.
கரண்டியில்லை, அவளுடைய உள்ளங்கை,
என் பல்லில் நறநறவென்று.

நாலு வருசமாய் இனிப்பாய்த் தேத்தண்ணி குடித்திருக்கிறாள்,
நான் வேலைக்குப் போனபிறகு, தனியே.

விடிய எழுதினேன்.
இடப்பக்கம் ஐம்பத்தொன்று.
வலப்பக்கம், மீதி பதினொரு போத்தல்.
அந்தச் சின்னப் போத்தல் எந்தப் பக்கமென்று தெரியவில்லை.
அவள் அதை வேறெங்கோ மாற்றி ஒளித்துவிட்டாள்.
நான் தேடவில்லை.